ஒரே வீதியில் கம்பியும் குழாயும்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன பினிஷிங் யூனிட் நடத்துகிறேன். துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர் ஒன்று, துணி பின்னால் சுருங்காமலிருக்க அழுத்தி எடுக்கும் காம்பாக்டிங் மெஷின் இரண்டு. துணி உலர சூடு வேண்டும், மெஷின் சுற்ற கரண்ட் வேண்டும், இரண்டில் எது நின்றாலும் அன்றைய பொழப்பு போச்சு. இயற்கை எரிவாயுக் குழாய் எங்கள் பக்கம் வர ஆரம்பித்ததிலிருந்து தொழில் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், டீக்கடையில் எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஈபிக்காரர்களும் கேஸ்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்தால் நமக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று எனக்குப் பல நாளாக மனதில் கிடக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, கேஸ் வந்துட்டா கரண்டோட தேவை குறைஞ்சிரும்தானே? ரெண்டும் போட்டிக்காரங்கதானே?

கொஞ்சம் போட்டி உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அடுப்பு, வெந்நீர், பவுடர் கோட்டிங் அடுப்பு, ஹீட் ட்ரீட்மென்ட் இதிலெல்லாம் இரண்டும் ஒரே வாடிக்கையாளருக்காக நிற்கும். ஆனால் கோயமுத்தூர் பம்புசெட் மோட்டாரையோ சோமனூர் தறியையோ பள்ளிபாளையத்தில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலை மோட்டாரையோ கேஸ் வந்து சுற்றாது, அதற்குக் கரண்ட்தான். அதே சைசிங் ஆலைக்கு நீராவி வேண்டுமே, அது இன்றைக்குப் பெரும்பாலும் விறகில் வருகிறது. அந்த இடம் கேஸுக்கு.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஸ்டென்டரில் கேஸ் பர்னர் போட்டாலும் அந்தச் சூட்டைத் துணி மேல் அடிக்கும் புளோயர் கரண்டில் ஓடுகிறது, பர்னர் பற்றவைப்பும் கரண்ட், கன்ட்ரோல் பேனலும் கரண்ட். கரண்ட் போன நொடியில் பாதுகாப்பு வால்வு கேஸை அடைத்துவிடும், உள்ளே நிற்கும் துணி மஞ்சளடித்துப் போகும். அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இது இரண்டு சப்ளை இல்லை, ஒரே சப்ளையின் இரண்டு கால்.

இந்த கேஸ் எங்கிருந்து வருது?

கப்பலில் திரவமாக வரும் எல்என்ஜிதான். கொச்சியில் 2013-இல் ஒரு முனையம் ஓட ஆரம்பித்தது, எண்ணூரில் 2019-இல் இன்னொன்று. கொச்சியிலிருந்து மங்களூர் போகும் கெயில் (மத்திய அரசின் கேஸ் நிறுவனம்) குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதில் கூட்டநாட்டில் பிரிந்து வாளையார் வழியாக ஒரு கிளை நம் பக்கம் வருகிறது. ஊருக்குள் விநியோகிக்கும் உரிமையை மத்திய ஒழுங்குமுறை வாரியம் மாவட்டம் மாவட்டமாக ஏலத்தில் விட்டது. 2018 ஏலத்தில் கோயமுத்தூரும் சேலமும் இந்தியன் ஆயிலுக்குப் போயின, சுற்றியுள்ள மாவட்டங்களில் சில வேறு நிறுவனங்களிடம் இருக்கின்றன. ஆக, கரண்டுக்கு முழு மாநிலத்துக்கும் ஒரே கழகம், கேஸுக்கு மாவட்டம் தாண்டினால் ஆள் மாறலாம். கலந்து பேசுவதில் முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

எங்க தோட்டத்துல டவரும் நிக்குது, குழாயும் வரும்னாங்க. விவசாயிக்கு மட்டும் ஏனுங்க ரெண்டு அடி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் இந்த மண்ணில் இதற்காகப் பலர் போராடியிருக்கிறார்கள்.

கெயில் குழாய் முதலில் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்தில் சுமார் 310 கிலோமீட்டர் விளைநிலத்துக்குள் போவதாகத் திட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-இல் தமிழக அரசு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று சொன்னது. அதே வருடம் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்திலும் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாகவே வந்தது. அது ஓய்வதற்குள் ராய்கர்–புகளூர் 800 கேவி (கிலோவோல்ட்) உயர்மின் பாதை வந்தது. 2018 டிசம்பரில் கோபுரங்களுக்கு எதிராக நம் மாவட்டங்களில் உண்ணாவிரதமே நடந்தது. சாலையோரமாகக் கேபிளாகப் புதைக்கலாமே என்றுதான் விவசாயிகள் கேட்டார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதையில் கேரளப் பகுதியின் ஒரு பங்கு அப்படித்தான் நிலத்தடிக் கேபிளாகப் போயிருக்கிறது.

சட்டமும் இரண்டு. எரிவாயுக் குழாய்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்கு இழப்பீடு நில மதிப்பில் பத்து சதவீதம். தென்னந்தோப்பு வைத்திருப்பவனிடம் மரம் வைக்காதே என்றால் அவன் அந்த இடத்தில் என்னதான் செய்வான்? மின் கோபுரத்துக்கோ 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு துறையும் தனித்தனியாக சர்வே எடுத்து, தனித்தனியாக கோடு போட்டு, தனித்தனியாக தாசில்தார் ஆபீசுக்குப் போவதால் ஒரே பூமிக்காரர் தோப்பின் வடக்கே ஒன்றையும் தெற்கே ஒன்றையும் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

சாலையோரம் பொதுத்தடம் ஒன்றை ஒதுக்கி இரண்டையும் அதில் உரிய இடைவெளியோடு கொண்டு போனால் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். வழக்கு, போராட்டம், வருடக்கணக்கில் தாமதம் இதெல்லாம் செலவுக் கணக்கில் வராதா?

உயர்மின் கம்பிக்குப் பக்கத்தில் குழாய் போனால் ஆபத்து இல்லையா?

கவனிக்காமல் விட்டால் உண்டு. ஊருக்கு வெளியே போகும் பெரிய குழாய்கள் எஃகு. துருப்பிடிக்காமலிருக்க மேல்பூச்சு போட்டு, கூடவே மிகச் சிறிய அளவில் நேர்மின்னோட்டமும் கொடுத்து வைத்திருப்பார்கள். இதற்குப் பக்கத்திலேயே பல கிலோமீட்டர் தூரம் உயர்மின் பாதை இணையாக ஓடினால் குழாயில் மின்னழுத்தம் தூண்டப்படும். மேல்பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் அரிப்பு வேகமெடுக்கும், வால்வைத் தொடும் ஆளுக்கும் ஷாக் அடிக்கலாம். முறையாக எர்த் செய்தால் சமாளிக்கலாம், பொறியாளர்களுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் 110 கேவி பாதையை 230 ஆக உயர்த்தும்போதோ பக்கத்தில் புது சப்ஸ்டேஷன் வைக்கும்போதோ மின்சாரத்துறை ஒரு கடிதம் போட்டால்தானே கேஸ் கம்பெனி தன் குழாயைப் போய் அளந்து பார்க்கும். ஊருக்குள் வரும் மஞ்சள், ஆரஞ்சு பாலிஎத்திலீன் குழாய்க்குத் துரு பிடிக்காது. அதற்குச் சூடுதான் எதிரி. லோடு ஏறிச் சுடும் கேபிள் அதை ஒட்டிக் கிடக்கக்கூடாது.

ஒரே வீதியை மூணு தடவை தோண்டுறாங்களே, இதுக்கு முடிவே இல்லையா?

எங்கள் வீதியில் நடந்ததைச் சொல்கிறேன். குழாய் பதிக்க வந்த ஒரு காண்ட்ராக்டரின் பொக்லைன், பூமிக்கடியில் கிடந்த எச்டி (உயரழுத்த மின்சார) கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள் எந்த ஆழத்தில், எந்த ஓரத்தில் கிடக்கிறது என்று காட்டும் வரைபடம் தோண்டியவரிடம் இல்லை. காண்ட்ராக்டரிடம் கேட்டீர்களா என்றால் கேட்டோம் என்கிறார், ஈபிக்காரர்களிடம் கொடுத்தீர்களா என்றால் யாரும் கேட்கவே இல்லை என்கிறார்கள். எந்தப் பக்கம் உண்மை என்று எனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. ஏழு யூனிட் இரண்டு நாள் படுத்துவிட்டது, ஒருவருக்கு எக்ஸ்போர்ட் சரக்கு லேட்டாகி விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அதுதான் எனக்குத் தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. தோண்டும் முன் தகவல் சொல்லும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டு வந்தது. எங்கே தோண்டப் போகிறேன் என்று அதில் பதிந்தால் அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ஆனால் பதிவதற்கு ஆளும் வேண்டும், தகவல் வந்ததும் சைட்டுக்கு வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்ட ஒரு ஒயர்மேனும் வேண்டும். செயலி மட்டும் போதாது.

அதைவிட நல்லது, ஒரே பள்ளம். மாநகராட்சி ரோடு போடும் முன்பே மின்கேபிள், கேஸ், குடிநீர், இன்டர்நெட் எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கு இவ்வளவு ஆழம் இவ்வளவு இடைவெளி என்று சொல்லி ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். ரோடு வெட்டியதற்கான கட்டணத்தையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். புதிதாக லேஅவுட் போடும் இடங்களில் இதைச் செய்வது மிகவும் சுலபம். சூலூர், அன்னூர், பெருந்துறை என்று எங்கே பார்த்தாலும் லேஅவுட்தான், ஆனால் லைட்டுக் கம்பம் நட்டு, தார் போட்டு, ஆட்கள் குடிவந்த பிறகுதான் குழாய்க்காரர் வருகிறார்.

ஷட்டவுனையாவது ஒரே நாளில் வைக்கக்கூடாதா?

கட்டாயம் வைக்கலாம், இதற்குப் பத்து பைசா செலவில்லை. சப்ஸ்டேஷன் மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த நாளில் மின்தடை என்று முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை கேஸ் கம்பெனியின் பராமரிப்பு ஆள் பார்த்து, தன் வால்வு வேலையையும் அதே செவ்வாய்க்கிழமைக்கு வைத்தால் எங்களுக்கு ஒரு நாள்தான் நஷ்டம். இப்போது செவ்வாய் கரண்ட் இல்லை, வியாழன் கேஸ் இல்லை. ஈபி கோட்டப் பொறியாளரும் கேஸ் கம்பெனி ஆளும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டாலே இது தீரும்.

கரண்ட் போனா கேஸும் நின்னுருமா?

வீட்டு அடுப்புக்கு நிற்காது, குழாயில் இருக்கும் அழுத்தமே தள்ளிவிடும். சிஎன்ஜி பங்கில் நிற்கும். வண்டியில் ஏற்ற 200 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) மேல் அழுத்த வேண்டும், அந்த கம்ப்ரஸர் மின்மோட்டாரில் ஓடினால் கரண்ட் இல்லாதபோது ஆட்டோக்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்று டெக்சாஸில் பார்த்தோம். 2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனி. மின்தேவை ஏறியது, சுற்று வைத்து மின்வெட்டு போட்டார்கள். அப்படி வெட்டிய பீடர்களில் (சப்ஸ்டேஷனிலிருந்து பிரிந்து போகும் மின்பாதைகளில்) சில, எரிவாயுக் கிணறுகளுக்கும் கம்ப்ரஸர்களுக்கும் போகும் பீடர்கள். முக்கிய இணைப்பு, வெட்டாதீர்கள் என்று அந்த கேஸ் கம்பெனிகளில் பல மனுவே கொடுத்திருக்கவில்லை. பனியில் உறைந்து ஏற்கெனவே குறைந்திருந்த கேஸ் இதனால் இன்னும் குறைந்தது, கேஸ் குறைந்ததால் மின்நிலையம் படுத்தது. சுமார் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டானதும் 246 பேர் இறந்ததும் அரசுக் கணக்கு. காரணம் பல, ஆனால் ஒரு மனு இல்லாமல் போனதும் அதில் ஒன்று.

நமக்குப் பனி இல்லை. ஆனால் 2008 நவம்பரிலிருந்து எச்டி இணைப்புகளுக்குப் போட்ட கட்டுப்பாட்டையும், 2012-இல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் டீசல் ஊற்றி ஊற்றி யூனிட் நடத்தியதையும் இந்தப் பக்கம் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் எந்த பீடரில் கேஸ் ஸ்டேஷன் இருக்கிறது, எந்த பீடரை வெட்டக்கூடாது என்ற பட்டியல் இன்றைக்கே கையில் இருக்க வேண்டும்.

ஈபிக்கு இதில் என்ன லாபம்? அவங்க வாடிக்கையாளரைத்தானே கேஸ் தூக்கிட்டுப் போகுது?

நியாயமான கேள்வி. எச்டி வாடிக்கையாளர் போனால் ஈபிக்கு வலிக்கத்தான் செய்யும், ஏனென்றால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட், பம்புசெட்டுக்கு முழுவதும் இலவசம் என்று அரசு கொடுப்பதில் ஒரு பங்குச் சுமையைத் தொழிற்சாலைக் கட்டணம்தான் தூக்குகிறது.

ஆனால் எந்த நேரத்துக் கரண்ட் என்று பாருங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டு, டிவி, ஏசி ஓடும்போது மின்கழகம் சந்தையில் அவசரத்துக்கு வாங்குகிறது. அந்த நேரத்தில் விலை உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொட்டு நிற்கும் நாட்கள் உண்டு. அப்போது நான் ஹீட்டரை கரண்டில் ஓட்டாமல் கேஸில் ஓட்டினால் ஈபிக்கு நஷ்டம் குறைவு, எனக்கும் பீக் ஹவர் கட்டணம் மிச்சம். மத்தியானம் சோலார் கரண்ட் நிறைய இருக்கும்போது அதே சூட்டை கரண்டில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஓடும் ஹீட்டர் புதிய சங்கதி இல்லை. மத்தியானக் கட்டணத்தை நன்றாகக் குறைத்தால்தான் எங்களைப் போன்றவர்கள் அதில் காசு போடுவோம். பல்லடம், உடுமலை, தாராபுரம் காற்றாலைக்கும் இதே கணக்குதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளுத்து வாங்கும், மாசியில் இறக்கை அசையாது.

வீட்டில் எது நல்லது, இண்டக்ஷனா கேஸா?

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தில் ஏறாமலே போய்விடும், இண்டக்ஷனில் வீணாவது குறைவு. அதனால் ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்ஷனில் செய்ய ஏறக்குறைய 130, 140 யூனிட் ஆகும். குழாய் கேஸ் என்றால் 18, 19 கன மீட்டர். உங்கள் பில் எந்த ஸ்லாபில் நிற்கிறது என்று வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

வீதிக் கணக்கு வேறு. 100 கேவிஏ (அதிகபட்சம் 100 கிலோவாட் தாங்கும்) டிரான்ஸ்பார்மரில் 70 வீடு இருக்கிறது என்று வையுங்கள். காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஒன்றரைக் கிலோவாட் இண்டக்ஷனைப் போட்டால் அதுவே 105 கிலோவாட், மோட்டாரும் கீசரும் இன்னும் கணக்கில் வரவில்லை. குழாய் வந்துவிட்ட வீதி எது என்று ஈபிக்குத் தெரிந்தால் புது டிரான்ஸ்பார்மரை அந்த வீதிக்குப் போடாமல், குழாய் வர வாய்ப்பில்லாத வீதிக்குப் போடலாம்.

சாயப்பட்டறைக்கு இதனால் ஏதாவது உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட நொய்யலுக்குப் போகக்கூடாது என்ற நிலைக்கு ஊர் மாறியது. நல்லதுதான், அந்த ஆற்றுக்கு நாம் செய்தது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய பம்புக்கும் ஆர்ஓவுக்கும் கரண்ட், கடைசியில் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்க நீராவி, இரண்டும் இரவு பகலாக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கேட்கும்போது கேஸ் இன்ஜின் பொருத்தமானது. ஒரு கன மீட்டர் கேஸில் மூன்றரை முதல் நாலு யூனிட் கரண்ட் கிடைக்கும், புகையில் போகும் சூட்டில் நீராவி எடுத்துக்கொள்ளலாம். இதைத் தனித்தனி முதலாளிகள் செய்வதைவிட, மிஞ்சும் கரண்டை வாங்கிக்கொள்வதாக ஈபியும், இத்தனை வருடத்துக்கு இந்த விலை என்று கேஸ் கம்பெனியும் ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கடன் கொடுக்கும்.

விலைதான் இன்றைக்குத் தடை, அதை மறைக்க முடியாது. விறகு மலிவு. கேஸ் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராததால் கட்டிய வரியை எங்களால் கழித்துக்கொள்ள முடியவில்லை.

வேற நாட்டுல யாராவது சேர்ந்து செஞ்சிருக்காங்களா?

ஜெர்மனியில் பல ஊர்களில் கரண்ட், கேஸ், தண்ணீர் மூன்றையும் ஊராட்சியின் ஒரே நிறுவனம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பான், ஏனென்றால் அவர்கள் சேர்ந்தது வளர்ந்துகொண்டிருந்த காலத்தில். டோக்கியோவின் காற்று கெட்டுக்கொண்டிருந்தது, எல்என்ஜி வேண்டும், ஆனால் கப்பல் கப்பலாக வருவதை ஒரு கேஸ் கம்பெனி மட்டும் வாங்கித் தீர்க்க முடியாது. டோக்கியோ கேஸும் டோக்கியோ மின்சார நிறுவனமும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. 1969 நவம்பரில் அலாஸ்காவிலிருந்து ஜப்பானின் முதல் எல்என்ஜி கப்பல் நெகிஷி முனையத்துக்கு வந்தது. ஒருவர் மின்நிலையத்தில் எரித்தார், மற்றவர் வீட்டு அடுப்புக்குக் கொடுத்தார்.

இவங்களை ஒண்ணா உட்கார வைக்கிறது யாரு?

கரண்ட் விலையைச் சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கிறது. கேஸை டெல்லி பார்க்கிறது, இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது என்று உச்சநீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. இருவருக்கும் பொதுவான மேலதிகாரி இல்லை. எனக்குத் தெரிந்து இருவரையும் கூப்பிடக்கூடியவர் மாவட்ட ஆட்சியர்தான். மாதம் ஒரு கூட்டம், தோண்டும் பட்டியல், ஷட்டவுன் பட்டியல், புது எச்டி விண்ணப்பப் பட்டியல், இவ்வளவுதான் கேட்கிறோம். எங்கள் சங்கத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், மற்ற ஊர்ச் சங்கங்களும் எழுதுங்கள்.

கேஸ் வாடை அடிச்சா மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணுமா?

தொடவே தொடாதீர்கள். ஆன் செய்தாலும் பொறி வரும், ஆஃப் செய்தாலும் பொறி வரும். அடுப்பு வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அப்புறம் போன் பண்ணுங்கள். குழாய் கேஸ் காற்றைவிட லேசு, மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் கனம், தரையில் தேங்கும். சிலிண்டருக்கு 1906. குழாய் கேஸுக்கு உங்கள் கம்பெனியின் அவசர எண்ணை மீட்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

வீதியிலேயே குழாய் உடைந்திருந்தால் கரண்டை வெளியிலிருந்து, டிரான்ஸ்பார்மரில் வெட்ட வேண்டும், அதை ஈபி ஆள்தான் செய்ய முடியும். 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் பக்கம் கேஸ் குழாயில் அழுத்தம் தாறுமாறாக ஏறி வீடுகள் வெடித்தபோது, மேலும் பற்றிக்கொள்ளாமலிருக்க மின்நிறுவனம் அந்தப் பகுதிக்கே கரண்டை நிறுத்தியது. நம் ஊரில் ஈபியின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கேஸ் கம்பெனிக்குச் சொன்ன கையோடு அதற்கும் சொல்லுங்கள், வீட்டு எண்ணோடு கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் லைன்மேன் சரியான டிரான்ஸ்பார்மருக்கு நேராக வந்துவிடுவார்.